அலமரும் கண்கள்

(மகாவீரர் செயந்தி விழாவையொட்டி, வேலூர் லாங் பஜாரில் நடைபெற்ற மகளிர், இளைஞர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு முன் பேசியவர்கள் பகவான் மகாவீரரின் வாழ்வையும் அறவுரைகளையும் விரித்துரைத்தார்கள். எனக்கு அளிக்கப்பெற்ற தலைப்பு ‘குழந்தை நலம்’ என்பது. கடல் போல் விரிந்த அத்தலைப்பிலிருந்து ஒரே ஒரு நோயை மட்டும் எடுத்துப் பேச உங்கள் இசைவை வேண்டுகிறேன். அது மிக அரிய நோய். அரிய நோய் ஒன்றைப் பற்றி இத்தனை பேர் அறிந்து ஆவதென்ன என்று நீங்கள் கேட்கலாம். காய்ச்சலையும் மாந்தத்தையும் அம்மையையும் நம் வீட்டுப் பாட்டிமார் பார்த்த அளவில் அறிந்துகொள்வர். இந்நோயையோ, நம் ஊர் மருத்துவரே தம் வாழ்நாளில் ஒருமுறையும் கண்டிராமல் இருக்கக்கூடும். ஆகவே முதலில் ஐயுற வேண்டியவர், குழந்தையை மடியில் வைத்திருப்பவர்தாம். அதனாலேயே இதனை இங்குப் பேசத் துணிந்தேன்.

நான் மருத்துவம் பயின்றவன் அல்லேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளியில் தமிழ் கற்பித்தவன். படித்தும், மருத்துவம் அறிந்தோரிடம் கேட்டும் தெளிந்தவற்றை மட்டுமே சொல்கிறேன்.

உயிர்களை அறிவின் அளவால் பகுத்துக் காண்பது நமக்குப் பழகிய மரபு. தொடுதல், சுவைத்தல், நுகர்தல் என்னும் மூன்றுக்கும் அடுத்து நான்காவதாக வருவது கண். தொல்காப்பிய மரபியலிலும் இவ்வரிசையே காணப்படுகிறது. அந்தக் கண் தன் தொழிலைச் செய்வதற்கு ஒளி மட்டும் போதாது. அது அசையவும் வேண்டும், அசைந்தபின் நிற்கவும் வேண்டும். ஒவ்வொரு கண்ணையும் ஆறு தசைகள் இயக்குகின்றன. மூளையின் ஆணையை அவற்றுக்குக் கொண்டு செல்பவை மூன்றாவது, நான்காவது, ஆறாவது கபால நரம்புகள். நாம் செய்தித்தாள் படிக்கும்போது கண் வரியின்மேல் வழுக்கிச் செல்வதாகத் தோன்றும். உண்மையில் அது தாவித் தாவிச் செல்கிறது. ஒரு தாவல், ஒரு நிலை, மீண்டும் ஒரு தாவல். நிற்கும் அந்தச் சிறு கணத்தில்தான் எழுத்து நமக்குப் புலனாகிறது. மூளைத்தண்டில் தாவலை ஏவும் நரம்பணுக்கள் ஒரு வகை. அவற்றை அடக்கி நிறுத்தி வைப்பவை மற்றொரு வகை. தாவலின் அளவு கூடாமலும் குறையாமலும் திருத்திக்கொண்டே இருப்பது சிறுமூளை.

நான் சொல்ல வந்த நோயில் அந்த நிலை இல்லாமற் போகிறது. ஒரு தாவலுக்கும் மறு தாவலுக்கும் இடையே கண் நிற்பதில்லை. இரு கண்களும் ஒருங்கே இடமும் வலமும், மேலும் கீழும், குறுக்கும் நெடுக்குமாக ஒழுங்கின்றித் துள்ளுகின்றன. இமை மூடினாலும் அதன் அடியில் துடிப்பு தெரியும். கண்ணோடு நில்லாமல் கைகால்களும் வெட்டி இழுக்கின்றன, உடல் தள்ளாடுகிறது, குழந்தை ஓயாது சிணுங்குகிறது, உறக்கம் குலைகிறது.

மருத்துவர்கள் இதனை ‘ஆப்சோகுளோனஸ் மயோகுளோனஸ்’ என்பர். முதற்சொல்லின் பின்பாதி, கொந்தளிப்பு என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. தமிழில் இதற்கு நிலைத்த பெயர் இல்லை. தொல்காப்பிய உரியியலில் ‘அலமரல்’, ‘தெருமரல்’ என்னும் இரு சொற்களுக்குச் சுழற்சி என்று பொருள் கூறப்பட்டுள்ளது. உள்ளம் கலங்கித் தடுமாறுவதையும் அலமரல் என்றே நம் புலவர்கள் வழங்கினர். அச்சொல்லைக் கொண்டு இவ்வுரையில் இதனை ‘அலமரல் நோய்’ என்று குறிப்பிடுகிறேன். பெயர் வாயில் நின்றால்தான் செய்தியும் நெஞ்சில் நிற்கும்.

கண்ணின் இந்தக் கொந்தளிப்பை 1913ஆம் ஆண்டில் போலந்து நாட்டு நரம்பியல் அறிஞர் கசிமியெர்ஸ் ஒர்செஹோவ்ஸ்கி எழுதிவைத்தார். குழந்தைகளிடம் கண்ணும் கைகாலும் ஒருங்கே அலமரும் இந்நோயை 1962இல் மார்செல் கின்ஸ்போர்ன் என்னும் மருத்துவர் ஆறு குழந்தைகளை ஆராய்ந்து தெளிவாக விளக்கினார். பெரும்பாலும் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரையுள்ள குழந்தைகளையே இது பற்றுகிறது. பிரித்தானியாவில் எடுக்கப்பட்ட கணக்கின்படி, ஏறத்தாழ ஐம்பத்தைந்து இலட்சம் மக்களுக்கு ஆண்டொன்றில் ஒரு குழந்தை என்னும் அளவில் இது தோன்றுகிறது. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மக்கள்தொகை 7.21 கோடி. அதே விகிதம் இங்கும் பொருந்துமாயின், ஆண்டுக்குப் பன்னிரண்டு அல்லது பதின்மூன்று குழந்தைகள். எண்ணிக்கை சிறிதுதான். ஆயினும் அந்தப் பதின்மூன்று வீடுகளில் ஒன்று எவருடையது என்பதை யாரும் முன்கூட்டி அறிய இயலாது.

இந்நோய் ஏன் வருகிறது? இங்குதான் நாம் கூர்ந்து கேட்க வேண்டிய செய்தி உள்ளது. இந்நோயுற்ற குழந்தைகளுள் ஏறத்தாழப் பாதிப்பேரின் உடலில் ‘நியூரோபிளாஸ்டோமா’ என்னும் கட்டி மறைந்திருக்கிறது. சிறுநீரகத்தின் மேல் அமர்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பியிலோ, முதுகெலும்பை ஒட்டிய நரம்புத் தொடரிலோ, மார்பிலோ, வயிற்றிலோ அது இருக்கலாம். கண்ணில் தெரியும் கலக்கத்திற்கு வயிற்றில் வேர் இருக்கக்கூடும் என்பது 1968 முதல் மருத்துவ உலகம் நன்கு உணர்ந்த உண்மை. அக்கட்டியை எதிர்க்க உடல் திரட்டும் எதிர்ப்புப் படை, மூளையின் அணுக்களையும் பகையென மயங்கித் தாக்குகிறது என்பதே இன்று ஏற்கப்பட்டுள்ள விளக்கம். கட்டி காணப்படாத பிள்ளைகள் சிலர்க்கு, நுண்கிருமித் தொற்று ஒன்றன் பின்னர் இதே மயக்கம் நேர்கிறது.

இதில் ஆறுதலும் ஒன்று உண்டு. அலமரல் நோயோடு காணப்படும் கட்டி பெரும்பாலும் சிறியதாகவும் பரவாததாகவும் இருக்கும். அறுவையால் அகற்றப்பட்டுப் பிள்ளைகள் பிழைத்து வாழ்கின்றனர். ஆனால் சிறியதாக இருப்பதனாலேயே அது எளிதில் அகப்படுவதில்லை. சிறுநீர்ச் சோதனையில் குறை ஒன்றும் தெரியாமற் போகலாம். மார்பையும் வயிற்றையும் சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்க வேண்டும்; முதல்முறை ஒன்றும் தெரியாவிடினும் மருத்துவர் மறுமுறை பார்க்கச் சொல்லலாம். ‘ஒருமுறை பார்த்தாயிற்றே, மீண்டும் செலவு எதற்கு’ என்று அப்போது பின்வாங்குதல் கூடாது.

இனி, வீட்டில் எதைக் கவனிப்பது? நடக்கக் கற்ற குழந்தை சில நாட்களில் தள்ளாடத் தொடங்கி, பின் நடையை மறந்து உட்கார்ந்துவிடுதல், கிலுகிலுப்பையை எடுக்க நீட்டும் கை நடுங்கி வெட்டுதல், கண்கள் திடீர் திடீரெனத் துள்ளுதல், முன்பு சிரித்து விளையாடிய குழந்தை காரணமின்றிச் சினந்து அழுதல், இரவெல்லாம் விழித்திருத்தல், பேசிய சொற்களை இழத்தல். இவை அனைத்தும் ஒரே நாளில் தோன்றுவதில்லை. நடை தடுமாறிச் சில நாட்களோ வாரங்களோ சென்றபின் கண் துள்ளலாம்.

கண் அசைவுகள் எல்லாம் இந்நோய் என்று அஞ்சவும் வேண்டா. பிறந்தது முதல் சிலர்க்குக் கண் ஊசல் போல ஒரே தாளத்தில் ஆடும்; அது வேறு. மாறுகண் வேறு. வலிப்பும் வேறு, இந்நோயின் வெட்டல்களில் குழந்தைக்கு நினைவு தவறுவதில்லை. அம்மை போன்ற தொற்றுகளுக்குப் பின்வரும் தள்ளாட்டமும் தொடக்கத்தில் இதனைப் போலவே தோன்றும். இவற்றைப் பிரித்தறிவது மருத்துவரின் வேலை. அவருக்கு நாம் செய்யக்கூடிய பேருதவி ஒன்று உண்டு. மருத்துவரின் அறைக்குள் செல்லும் நேரம் பார்த்துக் கண் அமைதியாக இருந்துவிடும். ஆகவே துள்ளல் நேரும்போதே கைப்பேசியில் படம் பிடித்துச் செல்லுங்கள். இன்று திருமண வீட்டுச் சாப்பாட்டையெல்லாம் படம் பிடிக்கிறோம். இதற்கும் அது பயன்படட்டும்.

எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்றில் இது நேர்ந்தது. பெற்றோரின் இசைவோடு, ஊரும் பெயரும் சொல்லாமல் உரைக்கிறேன். ஒன்றரை வயதுப் பெண் குழந்தை நடையை நிறுத்தியது. கண்ணேறு என்று சுற்றிப் போட்டார்கள், தாயத்துக் கட்டினார்கள். ஓரிடத்தில் வலிப்புக்கு மருந்து கொடுத்தார்கள். ஐந்து வாரம் கழிந்தது. இரவில் உறங்காமல் அழும் பிள்ளையின் கண்ணைத் தாய் கைப்பேசியில் பிடித்து வைத்திருந்தார். அந்த அரை நிமிடப் படத்தைப் பார்த்த குழந்தை நரம்பியல் மருத்துவர், அன்றே வயிற்றுப் படம் எடுக்கச் சொன்னார். அட்ரீனலின் அருகே கட்டி இருந்தது. அறுவை நடந்தது, நெடுநாள் மருத்துவமும் நடந்தது. இன்று அச்சிறுமி பள்ளிக்குச் செல்கிறாள். எழுத்து சற்றுக் கோணும், சினம் சற்று மிகும், அவ்வளவே.

நாம் கூடியிருக்கும் இந்த லாங் பஜாரிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் வங்காளத்திலிருந்தும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் மருத்துவத்திற்காக வந்த குடும்பங்கள் மாதக்கணக்கில் அறை எடுத்துத் தங்கியிருக்கின்றன. அவர்களுக்காகக் கடைப் பலகைகளில் வங்க எழுத்து ஏறியிருப்பதை நாள்தோறும் காண்கிறோம். இந்த ஊருக்கு அப்பெருமை வந்த வழியை நினைவூட்டுகிறேன். திண்டிவனத்தில் ஒரே இரவில் பேறுகாலத் துன்பத்தால் மூன்று பெண்கள் மாண்டதைக் கண்ட ஐடா ஸ்கடர் அம்மையார், மருத்துவம் பயின்று திரும்பி 1900இல் வேலூரில் தம் பணியைத் தொடங்கினார். 1902இல் மேரி டேபர் ஷெல் நினைவு மருத்துவமனை எழுந்தது. ஆரணிச் சாலையில் உள்ள அவ்வளாகத்தில் இன்று கண் மருத்துவமனை இயங்குகிறது. 1949இல் ஜேக்கப் சாண்டி அவர்கள் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் தொடங்கிய நரம்பியல், நரம்பு அறுவைத் துறையே இந்தியாவில் அவ்வகையில் முதன்மையானது. அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. சென்னை எழும்பூரில் அரசின் குழந்தைகள் நல மருத்துவமனை இருக்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திற்கு உரியவர்கள் அட்டையை முன்னரே பெற்று வைத்திருத்தல் வேண்டும். நோய் வந்தபின் வருமானச் சான்றுக்கு அலைவது கொடுமை. நெடுந்தொலைவிலிருந்து பிறர் தேடி வரும் ஊரில் வாழ்ந்துகொண்டு, நாம் ஐந்து வாரம் தாயத்தோடு காத்திருப்பது பொருந்துமா என்பதை எண்ணிப் பாருங்கள்.

மருத்துவம் இருவகைப்படும். கட்டி இருந்தால் அதனை அகற்றுதல் ஒன்று. வழிதவறிய எதிர்ப்பாற்றலை அடக்குதல் மற்றொன்று. கட்டியை எடுத்தவுடன் கண் அமைதியடையும் என்று எதிர்பார்த்தல் கூடாது. இரண்டாம் மருத்துவம் மாதங்களுக்கு, சிலர்க்கு ஆண்டுகளுக்கு நீளும். ஸ்டீராய்டு மருந்துகள், ஏ.சி.டி.எச். என்னும் ஊசி, இரத்தக்குழாய் வழியே செலுத்தப்படும் இம்யூனோகுளோபுலின், ரிட்டுக்சிமாப் ஆகியவை இதற்குப் பயன்படுகின்றன. ஸ்டீராய்டு உண்ணும் பிள்ளைக்கு முகம் உப்பும், பசி மிகும், தொற்று எளிதில் பற்றும். அதைக் கண்டு அஞ்சி வீட்டார் தாமாகவே மருந்தை நிறுத்திவிடுவதுண்டு. அது பேரிடர். வெளியிலிருந்து வரும் மருந்துக்குப் பழகிய உடல், தான் சுரக்க வேண்டியதைச் சுரக்க மறந்திருக்கும். திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஊறு நேரலாம். மருத்துவர் சொல்லும் படிமுறையில்தான் குறைக்க வேண்டும். தடுப்பூசி போடுமுன்னும், அம்மை கண்ட வீட்டிற்குச் சென்று வந்தாலும், மருத்துவரிடம் சொல்ல வேண்டும். காய்ச்சல் வந்தாலும் மருந்தின் அளவு குறைந்தாலும் நோய் மீளக்கூடும். மீண்டால் மனம் தளரற்க.

நம் மக்களுக்கென்றே ஒன்று சொல்ல வேண்டும். ஏ.சி.டி.எச். ஊசியில் பன்றியின் பிட்யூட்டரிச் சுரப்பியிலிருந்து எடுக்கப்படும் வகையும் உண்டு. செயற்கையாக ஆக்கப்படும் வகையும் உண்டு. கொல்லாமையை உயிரெனக் கொண்ட குடும்பத்திற்கு இது மனத்தை அறுக்கும் கேள்வி. நான் கண்ட வழி இதுதான்: மருத்துவரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள். செயற்கை வகை கிடைக்குமா, ஸ்டீராய்டு மாத்திரையோ வேறு மருந்தோ இந்தக் குழந்தைக்குப் போதுமா என்று வினவுங்கள். பல வழிகள் உள்ள நோய் இது. கேட்டால் விடை கிடைக்கும். எதனை ஏற்பது என்பதைப் பெற்றோர் அறிந்து முடிவு செய்யட்டும். ஆனால் மருத்துவரிடம் தலையசைத்துவிட்டு, வீட்டில் ஊசியைத் தவிர்த்துவிடுவது எந்த விரதத்திலும் சேராது. அங்கே துன்புறுவதும் ஐயறிவுடைய ஓர் உயிரே.

இம்யூனோகுளோபுலின் பற்றியும் ஒரு சொல். அது மனிதர்கள் கொடையாக அளிக்கும் இரத்தத்தின் தெளிநீரிலிருந்து பிரிக்கப்படுவது. ஆயிரத்திற்கும் மேற்பட்டோரின் கொடை ஒன்றாகத் திரட்டப்பட்டே அம்மருந்து ஆக்கப்படுகிறது. யாரோ ஆயிரவர், தாம் என்றும் காணப்போகாத ஒரு குழந்தைக்குத் தம் குருதியைத் தந்திருக்கிறார்கள். உணவு, மருந்து, நூல், அபயம் என்னும் நால்வகைத் தானத்தையும் நாம் நாவால் சொல்கிறோம். இந்த அரங்கின் இளைஞர்கள் ஆண்டுக்கு இருமுறை இரத்தம் கொடுப்பதை ஔடத தானமாகவே நான் கருதுகிறேன்.

இனி என் மனத்தை வருத்தும் செய்திக்கு வருகிறேன். முன்சொன்ன குழந்தையின் தாய், அறுவைக்குப் பின் முதன்முறை ஆலயத்திற்கு வந்தபோது, ‘என்ன வினை செய்தாளோ, பிள்ளைமேல் விடிந்தது’ என்று ஒருவர் அவர் காதுபடச் சொன்னார். அத்தாய் நெடுநாள் ஆலயத்திற்கு வரவில்லை. வினைக் கோட்பாடு நம் சமயத்தின் முதுகெலும்பு; அதனை நான் மறுக்கவில்லை. ஆனால் அது ஒருவர் தம்மைத் தாமே திருத்திக்கொள்வதற்காகச் சொல்லப்பட்டது. பிறர் வீட்டுத் துயரத்திற்குத் தீர்ப்பு எழுதும் கோலாக அது நம் கையில் தரப்படவில்லை. சுடுசொல் சொல்வதும் வினையே. அது சொன்னவரைச் சேரும்.

அருங்கலச் செப்பு நற்காட்சியின் எட்டு உறுப்புகளை எடுத்துரைக்கும். நோயுற்ற உடலைக் கண்டு அருவருக்காமை அவற்றுள் ஒன்று. அதற்கு எடுத்துக்காட்டு உத்தாயன மன்னன். நோயாளித் துறவி உண்டதை உமிழ்ந்தபோது, முகம் சுளிக்காமல், தான் இட்ட உணவில் குறை நேர்ந்ததோ என்று வருந்தி அவர் உடலைக் கழுவினான். மயக்க நெறிகளில் மயங்காமை ஒன்று. தாயத்தை நம்பி மருந்தை விடுவோர் அதனை நினைக்கட்டும். தளர்ந்தவரைத் தாங்கி நிலைநிறுத்துதல் ஒன்று. தாயின் தோளில் கைவைத்து, ‘நாளை மருத்துவமனைக்கு நான் உடன் வருகிறேன், அம்மா’ என்று சொல்வது அந்த உறுப்பைச் சேர்ந்தது.

பாலாற்று நீர் கெட்டதனால்தான் இப்படிப்பட்ட நோய்கள் வருகின்றன என்பாரும் உண்டு. வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டைப் பகுதிகளில் தோல் பதனிடும் கழிவால் நீரும் நிலமும் கெட்டது மெய். அது தீர வேண்டும் என்பதில் இருகருத்தில்லை. ஆனால் இந்நோய்க்கு அதனைக் காரணமாகக் காட்டித் தாய் குடித்த நீரையும் உண்ட உணவையும் விசாரிக்கத் தொடங்கினால், பழி மீண்டும் தாய்மேலேயே விழும்.

ஆசிரியர்களுக்கும் பெற்றோர்களுக்கும் இறுதியாக ஒன்று. கண் அமைதியடைந்தபின்னும் இப்பிள்ளைகளுட் பலர்க்குப் பேச்சு, எழுத்து, கவனம், நடத்தை ஆகியவற்றில் குறை எஞ்சக்கூடும். பேச்சுப் பயிற்சியும் உடற்பயிற்சியும் தொடக்கத்திலேயே அளிக்கப்பட வேண்டும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. நீடித்த நரம்பியல் நோய்களும் கற்றல் குறைபாடும் அவற்றுள் அடங்கும். உரிய சான்று பெற்றால் தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகளைக் கேட்டுப் பெறலாம். கையெழுத்துக் கோணுகிறதே என்று அடிக்கும் கைகள் இன்னும் பள்ளிகளில் உள்ளன. அக்கோணல் எங்கிருந்து வந்தது என்பதை ஆசிரியரிடம் பெற்றோர் முதல் நாளே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

அறக்கட்டளையினரிடம் இரு வேண்டுகோள். மருத்துவத்திற்காக ஊரிலிருந்து இங்கு வந்து தங்கும் நம் குடும்பங்களுக்குத் துணைக்குச் செல்ல நாலைந்து பேர் கொண்ட ஒரு குழுவை அமையுங்கள். படிவம் எழுதவும், மருத்துவர் சொன்னதைக் குறித்துக்கொள்ளவும், இரவில் பிள்ளையை மாற்றித் தூக்கவும் ஆள் வேண்டும். பகவான் பெயரால் ஆண்டுதோறும் நடக்கும் அன்னதானத்தோடு ஓர் இரத்ததான முகாமையும் சேர்த்து நடத்துங்கள்.

வீட்டில் தள்ளாடும் குழந்தையைக் கண்டால் அதன் கண்ணை ஒரு நிமிடம் கூர்ந்து நோக்குங்கள். ஐயம் எழுந்தால் மறுநாள் காலையே மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள்.